கடைக்குப் போவதா, வீட்டில் இருந்தே எடுப்பதா? வாங்கும் மனம் பற்றித் திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் சாமான் வாங்க இப்போது இரண்டு வழி. மத்திய வீதி, பிரதான வீதி, என்.சி. வீதிப் பக்கம் இறங்கிக் கடை கடையாக ஏறலாம். இல்லாவிட்டால் டராஸ் இணையக் கடையிலோ பேஸ்புக் பக்கத்திலோ ஓடர் போட்டுவிட்டுக் கூரியர் வரும்வரை வீட்டில் இருக்கலாம். எது மலிவு என்று இங்கே ஆராயவில்லை. இரண்டு இடத்திலும் நம் மனம் எப்படி நடந்துகொள்கிறது என்று உறவுகளும் அயலவர்களும் கேட்கும் கேள்விகளுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே ஆள், ஒரே காசு. இடம் மாறினால் மனம் மாறுமா?

மாறும். கடையில் நடக்கிறோம், துணியைத் தொடுகிறோம், முதலாளியின் முகத்தைப் பார்க்கிறோம், காசை எண்ணிக் கொடுக்கிறோம். வீட்டில் இவ்வளவும் இல்லை; கண்ணும் ஒரு விரலும் போதும். கடையில் நம்மை வாங்க வைப்பதும் மனிதர்கள், வேண்டாம் என்று தடுப்பதும் மனிதர்கள். வீட்டில் தள்ளுவது நம் சொந்த ஆசை, அதை மறித்துக் கேட்க ஆள் கிடையாது. ஆகவே கடையில் ஏமாறுகிறவர் பெரும்பாலும் அடுத்தவருக்காக ஏமாறுகிறார், போனில் ஏமாறுகிறவர் தனக்குத்தானே ஏமாறுகிறார் என்பது என் எண்ணம். யாருக்கு எது பலவீனம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. அதைக் கண்டுபிடிப்பதுதான் முக்கியம்.

வீட்டிலிருந்து வாங்குவது இணையத்தோடு வந்த பழக்கமா?

இல்லை. 1872இலேயே சிக்காகோவில் ஆரன் மொண்ட்கொமரி வோர்ட் என்பவர் தபாலில் விலைப்பட்டியல் அனுப்பிச் சாமான் விற்றார். 1984இல் இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் ஜேன் ஸ்னோபோல் என்ற 72 வயது அம்மா தொலைக்காட்சித் திரை வழியாக மாஜரின், கோர்ன்ஃபிளேக்ஸ், முட்டை மூன்றையும் ஓடர் செய்தார். கடைக்குப் போவது சிரமமான முதியவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. நம் ஊரில் பலருக்கு இந்தப் பழக்கம் பிடித்தது 2020 மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கிய பிறகு. கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் பட்டியல் அனுப்பி, கேற்றடியில் சாமானை வாங்கிப் பழகினோம். தேவைக்காகத் தொடங்கியது தேவை முடிந்தும் நிலைத்துவிட்டது.

தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில் அப்படி என்ன குறைந்துவிடுகிறது?

இரண்டு விஷயம் குறைகிறது. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த தகவல். துணியின் கனம், சப்பாத்தின் இறுக்கம், அரிசியில் கல் இருக்கிறதா என்பது. புடவைக்கடையில் எங்கள் அம்மாமார் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். குழல் விளக்கில் தெரியும் நிறத்தை அவர்கள் நம்புவதில்லை. போன் திரையோ தானே ஒளிரும் பொருள்; அதில் எந்தத் துணியும் ஒரு பளபளப்போடுதான் தெரியும். பார்சலைப் பிரித்ததும் “படத்தில இருந்த நிறம் இல்லையே” என்று சொல்வதில் பாதிக்காவது காரணம் இதுதான்.

மற்றது அவ்வளவாகப் பேசப்படாதது. தொட்ட பொருள் நம்முடையது போலத் தோன்றத் தொடங்கும். ஜோஆன் பெக், சூசான் ஷூ என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் இதைக் காட்டினார்கள். சாதாரணக் கோப்பை போன்ற பொருளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு, தொடாதவர்களைவிட “இது எனது” என்ற உணர்வு கூடியிருந்தது. அதற்கு முன் 1990இல் கானமன், நெட்ச், தேலர் மூவரும் செய்த பரிசோதனையில், கோப்பை கையில் கிடைத்தவர்கள் அதை விற்கக் கேட்ட விலை, வாங்க நினைத்தவர்கள் சொன்ன விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கைக்கு வந்ததை விட்டுக்கொடுக்க மனம் வராது.

இது கடைக்காரருக்கு நன்றாகவே தெரியும். “வாங்கத் தேவையில்லை பிள்ளை, ஒருக்கா உடம்பில வைச்சுப் பாருங்கோ” என்று சேலையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைக் காட்டுவது அதற்காகத்தான். ஆகவே தொடுவது நம்மைப் பாதுகாக்கவும் செய்கிறது, விழுத்தவும் செய்கிறது.

ஆனால் போனில் படத்தைப் பார்த்தே ஆசை வருகிறதே?

வரும். 2014இல் பிரேசல், கிப்ஸ் என்ற இருவர் செய்த ஆய்வில், ஒரே பொருளை மவுஸ் வழியாகப் பார்த்தவர்களைவிடத் தொடுதிரையில் பார்த்தவர்களுக்கு அது தங்களுடையது என்ற உணர்வு அதிகமாக இருந்தது. விரலால் படத்தைப் பெரிதாக்குவதும் ஒருவகைத் தொடுகைதான். மேலே சொன்ன 2009 ஆய்விலும், பொருளைத் தொட வழியில்லாதவர்களிடம் அது உங்களுடையது என்று கற்பனை செய்யச் சொன்னபோது அந்த உணர்வு கூடியது. இணையக் கடையின் வண்டிலில் (கார்ட்) போட்டு வைத்த சாமானை இரண்டு நாள் கழித்து அழிக்க மனம் வராததற்கும் இதைத்தான் நான் காரணமாகப் பார்க்கிறேன். காசு கொடுக்கவில்லை, ஆனால் மனதில் அது வீட்டுக்கு வந்துவிட்டது.

கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வெட்கமாக இருக்கிறது. எனக்கு மட்டுமா?

உங்களுக்கு மட்டும் இல்லை. திருகோணமலை சின்ன நகரம். கடை முதலாளி உங்கள் மாமாவோடு படித்தவராக இருப்பார், அல்லது கோணேசர் கோயில் தேரில் ஒன்றாக வடம் பிடித்திருப்பீர்கள். இருபது சேலையை விரித்துப் போட்ட பொடியனைப் பார்த்து “ஒன்றும் சரிவரேல்லை” என்று சொல்ல வாய் வராது. கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போனால் இன்னும் சிக்கல். எல்லோரையும் இருத்தி ஆளுக்கொரு நெக்டோ உடைத்துத் தருவார்கள்.

அந்தச் சோடாவின் பலம் அளந்து பார்க்கப்பட்டது. 1971இல் டெனிஸ் ரீகன் என்ற அமெரிக்க உளவியலாளர் செய்த பரிசோதனை. கூட இருந்த ஒருவர் கேட்காமலே ஒரு கொக்கா கோலா வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு லொத்தர் சீட்டு விற்றார். கோலா குடித்தவர்கள், குடிக்காதவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு சீட்டு வாங்கினார்கள். கோலாவின் விலையைவிடச் சீட்டுக்குக் கொடுத்தது அதிகம்.

இதோடு மினக்கெட்டு வந்த கணக்கு வேறு. கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கும்வரை அங்கிருந்து நகரத்துக்கு வருகிறவர்கள் ‘பாதை’ என்னும் மிதவையில் நீரைக் கடந்துதான் வரவேண்டும். அப்படி அரை நாள் செலவழித்து வந்தவர் சும்மா திரும்புவாரா? இன்றும் மூதூரிலிருந்தோ நிலாவெளியிலிருந்தோ பஸ் பிடித்து வருகிறவருக்கு அதே மனநிலைதான். போன நேரமும் பஸ் காசும் என்ன செய்தாலும் திரும்பாது, ஆனாலும் அதை ஈடுகட்டப் பிடிக்காத ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறோம். ஆர்க்ஸ், புளூமர் இருவரும் 1985இல் இந்தக் குணத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

முகதாட்சண்யத்தால் வாங்குகிறவர் நீங்கள் என்றால், வீட்டிலிருந்து வாங்குவது உங்களுக்கு உண்மையிலேயே நல்லது. திரையைப் பார்த்து “வேண்டாம்” என்று சொல்ல யாரும் வெட்கப்படுவதில்லை.

பெண்கள் பலர் வீட்டில் இருந்தே வாங்குவது நிம்மதி என்கிறார்கள். ஏன்?

உள்ளாடையை ஒரு ஆண் பணியாளரிடம் அளவு சொல்லி வாங்கிப் பார்த்தவருக்கு இந்தக் கேள்வியே தேவைப்படாது. உடல் பருத்தவர்கள், சுகமில்லாதவர்கள், தோல் பிரச்சினைக்குக் கிறீம் தேடுகிறவர்கள் எல்லோருக்கும் கடை என்பது பார்வைகளுக்கு நடுவே நிற்பது. அங்கே அவசரப்பட்டு, அளவு பார்க்காமல், கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். போனில் ஆறுதலாக அளவுப் பட்டியலைப் படிக்கலாம், பத்துப் பேர் எழுதிய கருத்தைப் பார்க்கலாம். இதைச் சோம்பல் என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

“பொருள் வந்ததும் காசு” என்பதால் ஓடர் போடப் பயமில்லை. சரிதானே?

பாதி சரி. ஏமாற்றுக்காரரிடம் முன்கூட்டியே காசு போகாது என்பது பெரிய பாதுகாப்பு. இலங்கையில் இணைய வியாபாரம் வேர்விட இந்த முறை மிகவும் உதவியது என்று நினைக்கிறேன்.

மனதுக்கு இது செய்வது வேறு. ஆசைப்படும் நேரமும் காசு கொடுக்கும் நேரமும் பிரிந்துவிடுகின்றன. கொழும்பிலிருந்து இங்கே ஏறத்தாழ 260 கிலோமீற்றர். பார்சல் வர நாட்கள் எடுக்கும். இரவு பத்து மணிக்கு ஓடர் போடும்போது ஒரு ரூபாவும் குறைவதில்லை. அதனால் அது செலவாகவே தெரிவதில்லை. நாலு இடத்தில் நாலு சாமான் போட்டு வைப்போம். பிறகு மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் போன் அடிக்கும்: “அக்கா, வீடு எந்தப் பக்கம்? காளி கோயிலடியில நிக்கிறன்.”

இப்போது பாருங்கள், நாம் தப்பி வந்த முகதாட்சண்யம் வாசலில் வந்து நிற்கிறது. வெயிலில் மோட்டார் சைக்கிளில் வந்த பிள்ளையிடம் “வேண்டாம், கொண்டு போங்கோ” என்று எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டாரும் பார்க்கிறார்கள். கொடுத்துவிடுகிறோம். சிலர் போனை எடுக்காமல் விடுகிறார்கள், அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். அவருடைய எண்ணெய்ச் செலவும் நேரமும் அதில் போகிறது.

நான் சொல்லும் வழி எளியது. ஓடர் போட்டதும் அந்தக் காசை எண்ணி ஒரு கடித உறையில் போட்டு, சாமானின் பெயரை எழுதி அலுமாரியில் வையுங்கள். கை காசை எண்ணும்போதுதான் மனம் யோசிக்கும். எடுத்துவைக்கக் காசு இல்லை என்றால் ஓடரை அப்போதே இரத்துச் செய்யலாம், யாருக்கும் நட்டமில்லை.

கடன் அட்டையில் (காட்) கட்டினால் அதிகம் செலவாகிறது என்பது உண்மையா?

2001இல் பிரெலெக், சிமெஸ்டர் இருவரும் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர்களிடையே கூடைப்பந்து ஆட்டத்தின் நுழைவுச்சீட்டுகளை ஏலம் விட்டார்கள். காட் மூலம் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள் கேட்ட விலை, காசாகக் கொடுக்க வேண்டியவர்கள் கேட்டதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. காசு கையை விட்டுப் போகும்போது மனம் கொஞ்சம் நோகும். காட் அந்த நோவைக் குறைக்கிறது. இப்போது வந்திருக்கும் மூன்று தவணை முறை இன்னும் குறைக்கிறது.

நம் ஊர்ப் பலசரக்குக் கடைக் கொப்பியும் கடன்தான். ஆனால் கொப்பியில் எழுதுகிறவர் நம்மைப் பார்க்கிறார். கணக்குக் கூடினால் “தம்பி, போன மாதத்துது கொஞ்சம் கிடக்கு” என்பார். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே பலர் அளவோடு வாங்குவார்கள். தவணைச் செயலி அப்படி ஒருநாளும் முகம் சுளிக்காது.

பேரம் பேசாமல் வாங்கினால் ஏதோ குறை மாதிரி இருக்கிறது.

பேரத்தில் வருவது காசு மிச்சம் மட்டும் இல்லை, வென்ற உணர்வும்தான். ஒரு பொருளால் வரும் பயனும், அதை நல்ல விலைக்கு எடுத்தோம் என்ற மகிழ்ச்சியும் வேறுவேறு என்று தேலர் 1985இலேயே பிரித்துக் காட்டினார். நடைபாதைக் கடையில் 1500 சொன்னதை 1100க்குக் கேட்டு வாங்கினால் அன்று முழுவதும் அதைச் சொல்லிக்கொண்டு திரிவோம்.

போனில் அந்த மகிழ்ச்சியை வெட்டிக் காட்டிய பழைய விலை தருகிறது. 4500 என்பதன் மேல் கோடு, பக்கத்தில் 1890. நமக்காக யாரோ பேரம் பேசி முடித்தது போல ஒரு திருப்தி. அந்த 4500க்கு அந்தச் சாமான் எப்போதாவது விற்றதா என்று யாரும் கேட்பதில்லை. முதலில் கண்ணில் பட்ட எண்ணில் மனம் நங்கூரம் போட்டுவிடும், பிறகு வரும் எண் அதைவிடச் சிறியதா என்று மட்டும் பார்க்கும். கோடு போட்ட எண்ணைக் கையால் மறைத்துவிட்டு, 1890க்கு இதை என்.சி. வீதியில் வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் பதில் “இல்லை” என்றே வரும்.

பேஸ்புக் லைவில் சேலை விற்கும்போது கை தானாக “எனக்கு” என்று அடித்துவிடுகிறது. என்ன செய்வது?

லைவ் என்பது கடையின் நெருக்குதலையும் போனின் வசதியையும் ஒன்றாகச் சேர்த்தது. விற்கிறவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், மற்றவர்கள் போட்டி போடுவது கண்ணெதிரே ஓடுகிறது, “ஒன்றே ஒன்றுதான் இருக்கு” என்கிறார். 1975இல் வோர்ச்சலும் அவருடைய துணை ஆய்வாளர்களும் செய்த பரிசோதனை ஒன்றில், ஒரே பிஸ்கட்டைப் பத்து இருந்த போத்தலில் பார்த்தவர்களைவிட, இரண்டே இருந்த போத்தலில் பார்த்தவர்கள் மேலானது என்று சொன்னார்கள். மற்றவர்கள் எடுத்துத் தீர்ந்துபோனதால் குறைந்தது என்று தெரிந்தபோது ஆசை இன்னும் கூடியது. லைவில் நடப்பது அப்படியே அதுதான்.

வீட்டில் இருந்து இப்படி விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்குவதை நான் விரும்புகிறேன். லைவை மட்டும் அந்த நேரத்தில் பார்க்காமல் அடுத்த நாள் பதிவாகப் பாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மெசேஜ் போட்டுக் கேளுங்கள்.

தெரிவு கூடக்கூடக் குழப்பம் என்கிறார்களே?

2000இல் வெளிவந்த ஐயங்கார், லெப்பர் ஆய்வு இதற்குப் பெயர்போனது. 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்று பார்த்தவர்களில் 3 சதவீதம் பேர் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். ஆனால் பின்னர் வந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த விளைவு எல்லா இடத்திலும் வரவில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்தவருக்குத் தெரிவு கூடுவது நல்லது. தெரியாமல் போனைத் திறந்தால்தான் ஒரு மணித்தியாலம் போய்விடும்.

மீன்?

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

மனம் சரியில்லாத இரவுகளில்தான் அதிகம் ஓடர் போடுகிறேன். இது நோயா?

ஒன்றிரண்டு தடவை என்றால் இல்லை. ஸ்கொட் ரிக்கும் அவருடைய துணை ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், எதை வாங்குவது என்று தெரிவு செய்வது மிஞ்சியிருக்கும் கவலையைக் குறைப்பதாகக் கண்டார்கள். வாழ்க்கை கையில் இல்லை என்று தோன்றும்போது, இதையாவது நான் முடிவு செய்கிறேன் என்ற உணர்வு கொஞ்சம் ஆறுதல். கடன் வாங்கிக் கொட்டுகிறீர்கள், பிரிக்காத பார்சலை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிக்கிறீர்கள், நிறுத்த நினைத்தும் முடியவில்லை என்றால் மருத்துவரிடமோ உளவளத்துணையாளரிடமோ பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடை இரவில் பூட்டிவிடும், போன் பூட்டாது. இரவில் வண்டிலில் போடுங்கள், காலையில் தேநீர் குடித்துவிட்டு ஓடர் போடுங்கள். களைத்த மூளைக்கு அவசரமாகத் தோன்றியது காலையில் அப்படித் தோன்றாது.

பார்சல் வரும்வரை இருந்த சந்தோஷம் பிரித்ததும் போய்விடுகிறது. ஏன்?

எதிர்பார்ப்பே ஒரு இன்பம். கிடைக்கப்போகிறது என்ற அறிகுறிக்கே மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் துள்ளும், எதிர்பார்த்தபடி பொருள் கிடைக்கும் நேரத்தில் அவ்வளவாகத் துள்ளாது என்று வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளில் செய்த ஆய்வுகள் காட்டின. பார்சல் எங்கே நிற்கிறது என்று நாளுக்கு நாலு தடவை பார்ப்பது அந்த இன்பத்துக்காகத்தான். காத்திருப்புக்கு நல்ல பக்கமும் உண்டு. 2010இல் மில்க்மனும் அவருடைய துணை ஆய்வாளர்களும் இணையத்தில் பலசரக்கு வாங்கியவர்களைப் பார்த்தார்கள். நாளைக்கே வேண்டும் என்று ஓடர் போட்டவர்களைவிட, சில நாட்கள் முன்னதாகப் போட்டவர்கள் செலவும் குறைத்து, மரக்கறி போன்ற உடம்புக்கு நல்லதையும் கூட எடுத்திருந்தார்கள்.

பிழையான சாமான் வந்தால் திருப்பி அனுப்ப மனம் வருவதில்லை. “பரவாயில்லை” என்று விட்டுவிடுகிறேன்.

கடையில் “இது பொருந்தேல்லை அண்ணை, மாத்தித் தாங்கோ” என்று கேட்க வெட்கம். இணையத்தில் படிவம், பொதி, கூரியர் என்று அலுப்பு. இரண்டுக்கும் மேலே, கைக்கு வந்தது நம்முடையது என்ற அந்தப் பழைய உணர்வு வேறு. கொஞ்சம் கிழிந்திருந்தாலும் தைக்கலாம் என்று நாமே அதற்காக வாதாடத் தொடங்கிவிடுகிறோம். பார்சலைப் பிரித்த அன்றே முடிவெடுங்கள். நாள் போகப்போக மனம் பொருளோடு ஒட்டும், திருப்பும் காலக்கெடுவும் முடியும். பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்தால், நான்தான் பழுதாக்கினேனோ என்ற சந்தேகமும் வராது, விற்றவரோடு பேசுவதும் லேசு. கடையென்றால் பில்லைக் கேட்டு வாங்குங்கள். விற்றவர் கேட்கவே மாட்டேன் என்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.